ஒரு பூவுக்கு ஒரு கேள்வி

மோப்பச்செம்பருத்தி காய்க்காது என்று அட்டையில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். கோகிலவாணிக்கு முதல் கோபம் அந்த அட்டையின் மேல்தான் வந்தது.

உடுமலைப்பேட்டைக்குள் குழாய் கேஸ் வந்த வருஷம், வீட்டுக்கொரு தொட்டி என்று கேஸ் கம்பெனிக்காரர்களே கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போன செடி அது. பார்க்கச் சாதாரணச் சிவப்புச் செம்பருத்திதான். ஆனால் கேஸ் கசிந்தால், மனுஷ மூக்குக்குத் தெரிவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே பூ நீலமாகிவிடும். இதழுக்குள் மூக்கு மாதிரி ஏதோ ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்தது. ஊர் மோப்பச்செம்பருத்தி என்று கூப்பிட்டது. தினம் ஒரு பூ தவறாமல் பூக்கும். விதை மட்டும் பிடிக்காது. விதை பிடித்தால் ஜனங்கள் தாங்களே முளைக்கப் போட்டுக்கொள்வார்களே!

"காய்க்கவே காய்க்காதுன்னா அதுக்கு எதுக்குங்க இத்தனை மகரந்தம்?" என்று புருஷன் தரணிபதியிடம் கேட்டாள்.

"ஏம்புள்ள, கேஸ் கசியாம இருந்தா நமக்குப் போதாதா?" என்றார் அவர்.

போதாது. கோகிலவாணிக்கு ஐம்பத்தோரு வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். செம்பருத்திச் சாறு அமிலத்தில் ரோஸாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பவள். வீட்டு மொட்டைமாடியில் அறுபது தொட்டி. அதில் கடையில் வாங்கியது நாலுதான். மற்றதெல்லாம் அவள் செய்துவைத்த கல்யாணங்களில் பிறந்தவை.

அந்த வேலையைக் காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மகரந்தம் செத்துப்போகும். மோப்பப் பூவின் நடுத்தண்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். அங்கே அவளுடைய மஞ்சள் செம்பருத்தி விரிந்து நிற்கும். அதன் நுனியில் வெல்வெட் மாதிரி ஐந்து சின்னப் பொட்டு. ஐந்திலும் விட்டுப்போகாமல் பொடியைத் தடவுவாள். பிறகு காம்பில் தையல் நூல், நூலில் சீட்டு. சீட்டில் தாய் பேர் முதலில், தகப்பன் பேர் அடுத்து, கீழே தேதி. பத்து நாளைக்குள் காம்பு மஞ்சளாகி உதிர்ந்தால் நோட்டில் ஒரு கோடு. அப்படி அறுபத்திரண்டு கோடு விழுந்தது.

அறுபத்து மூன்றாவது நின்றது.

நின்றது மட்டுமில்லை, பச்சைக் குண்டுமணி மாதிரி உப்பத் தொடங்கியது. வெடித்துச் சிதறிவிடக் கூடாதே என்று வலைத்துணியில் பை தைத்துக் கட்டினாள். இரண்டு மாசத்தில் காய் பழுப்பேறிப் பிளந்தது. உள்ளே ஏழு விதை. மேல்தோலை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் மூடி வைத்தாள். நாலு முளைத்தன. செம்பருத்தியில் ஒரே காயின் பிள்ளைகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. என்ன நிறம், என்ன குணம் என்பது பூத்தால்தான் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். முதல் மூன்றும் மோப்பம் இல்லாத சாதாரணப் பூவாகப் போயின. நாலாவது, ஆவணி மாசத்துப் புதன்கிழமை ஒன்றில் விரிந்தது.

பப்பாளிச் சதை நிறம். நடுவில் மாதுளைச் சிவப்பில் ஒரு வட்டம். செம்பருத்திப் பூவைப் பறித்துத் தண்ணீர் இல்லாமல் வைத்தாலும் சாயங்காலம் வரை வாடாது. அதனால் பறித்துக் கொண்டுவந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தரணிபதி முன்னால் வைத்தாள்.

"பாருங்க. இதுக்கு ஒரு பேரு வெக்கோணும்."

"பப்பாளின்னு வை."

"பப்பாளின்னு யாராச்சும் பூவுக்குப் பேரு வெப்பாங்களா?"

"கத்தரிப்பூ நிறம்னு சொல்றோமில்ல? அப்ப பப்பாளிக்கு என்ன குறைச்சல்?" என்று குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

அவர் மூச்சு படப் படவே மாறத் தொடங்கியது. நடு வட்டத்திலிருந்து ஓரத்துக்கு, காகிதத்தில் மை ஊறுகிற மாதிரி ஒரு நிறம் பரவியது. மூணு நிமிஷத்தில் முழுப் பூவும், அவர் வாய்முகூர்த்தம்போல, கத்தரிப்பூ நிறம்.

"கேஸ் ஏதாச்சும் கசியுதா?" என்றார் அவர் திடுக்கிட்டு. ஜன்னலில் இருந்த கம்பெனிச் செடி சிவப்பாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்வதைவிட, சோறு நினைவே வரவில்லை என்று சொல்வதுதான் சரி. மாறிய பூ திரும்பப் பழைய நிறத்துக்கு வராது. செடியோ ரெண்டு மூணு நாளைக்கு ஒரு பூதான் தரும். ஆக, ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான் கேட்க முடியும். அவள் வரிசைப்படுத்திக் கேட்டாள். காப்பி ஆவியைக் காட்டினாள், மாறவில்லை. அவர் தேய்த்துக் குளிக்கிற சோப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய், பல்பொடி, வேலைக்குப் போட்டுப்போகிற சட்டை, சட்டையில் ஒட்டிய கிரீஸ் என்று ஒவ்வொரு பூவாகக் காட்டினாள். ஒன்றுக்கும் அசையவில்லை. தானே ஊதிப் பார்த்தாள். பால்காரரிடம் "அண்ணா, இந்தப் பூவை மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் பயந்துபோய்த் தள்ளி நின்றே மோந்தார். பக்கத்து வீட்டு மேகலாவும் மோந்தாள். பப்பாளி பப்பாளியாகவே இருந்தது. மறுபடி தரணிபதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கத்தரிப்பூ.

"என்னையக் கண்டா மட்டும் வெக்கப்படுது பாரு," என்று சிரித்துவிட்டுத் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்குக் காற்றாலை மராமத்து வேலை. நூற்றிருபது மீட்டர் கோபுரத்தில் ஏறி, இறக்கையையும் கியரையும் பார்க்க வேண்டும். பைக்குள் இடுப்புப் பட்டை, கொக்கி, ஹெல்மெட்.

ஐப்பசியில் விடை கிடைத்தது. கிடைத்தது என்றுதான் அவள் நினைத்தாள். மேகலாவின் மாமனார் நாச்சிமுத்துக் கவுண்டர், மாரியம்மனுக்குப் பூக் கேட்டு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஆறு வருஷமாக நடுக்குவாதம். கோகிலவாணி சிவப்புப் பூவாகப் பொறுக்கிக் கொடுக்க, அவர் கண் என்னவோ தட்டில் இருந்த பப்பாளி மேலேயே இருந்தது.

"இதென்ன அம்மிணி, புதுசா இருக்குது?" என்று எடுத்து மூக்கில் வைத்தார். "பவுசு இருக்குது, வாசனை இல்லியே."

நடுங்குகிற அந்தக் கையிலேயே பூ நிறம் மாறியது. மேகலா "ஐயோ" என்றாள். கோகிலவாணி அவர் கையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பொள்ளாச்சியில் பர்வீன் இருக்கிறாள். மோப்பச்செம்பருத்தி செய்கிற கம்பெனியில் எட்டு வருஷம் நாற்று வளர்த்தவள். இப்போது வீட்டில் செம்பருத்தி கலப்பவள். இருவரும் மகரந்தம் மாற்றிக்கொள்கிற சிநேகிதம். கோகிலவாணி போனில் எல்லாவற்றையும் தேதியோடு சொன்னாள்.

"நடுக்குவாதம் வந்தா உடம்புல ஒரு தனி வாசனை வரும் கோகி," என்றாள் பர்வீன். "கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வரும்னு சொல்றாங்க. நம்ம மூக்குக்குத் தெரியாது. பூவுல நாங்க வெச்ச மூக்கு ஒரு பூட்டு மாதிரி. கேஸுங்கற சாவிக்குத்தான் தெறக்கும். நீ கலந்ததுல பூட்டு கொஞ்சம் நெளிஞ்சிருக்கும். வேற சாவி போடுது."

"அப்ப அவருக்கு..."

"நான் அப்படிச் சொல்லலை. எனக்கும் ஒரு பூ அனுப்பு. எங்க காதரண்ணனுக்குப் போன வாரந்தான் டாக்டர் அதே நோயின்னு சொல்லியிருக்காங்க. பாத்துச் சொல்றேன்."

டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் ஒரு பூவைக் கொடுத்து அனுப்பினாள். அன்று சாயங்காலம் பர்வீன் பேசினாள். பூ மாறவில்லை. "பஸ் சூட்டுல செத்திருக்கும். இன்னொண்ணு அனுப்பு, மெதுவா," என்றாள். கோகிலவாணியும் அதை அப்படியே நம்பினாள்.

நம்பிவிட்டுப் புருஷனைப் பார்க்கத் தொடங்கினாள். சட்டைப் பொத்தான் போடுகிறபோது பார்த்தாள். சோறு பிசைகிறபோது பார்த்தாள். கை கல் மாதிரி அசையாமல்தான் இருந்தது. இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்று எண்ணிக்கொண்டாள். ஆபீஸில் தெரிந்தால் வேலை போகும். தெரியாவிட்டால், என்றைக்கோ ஒருநாள் நூற்றிருபது மீட்டர் உயரத்தில் அந்தக் கை ஒரு நொடி சொல்பேச்சு கேட்காமல் போகும். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

"ஏனுங்க, கோபுரம் போதும். கீழ வேலை கேட்டு வாங்கிக்கங்க. வயசு அம்பத்தி நாலாச்சு," என்றாள் ஒரு காலையில்.

"கீழ என்ன இருக்குது? மேல ஏறினாத் திருமூர்த்தி மலை தெரியும், அந்தப் பக்கம் அமராவதி அணை தெரியும். காத்து வந்து காதுல பேசும். நேத்துக்கூட ஒரு பருந்து, என்ற காலுக்குக் கீழ பறக்குது புள்ள! பருந்தோட முதுகை எத்தனை பேரு பாத்திருப்பாங்க?"

"பருந்து முதுகைப் பாத்து என்ன ஆகப்போகுது?"

"பூ முதுகைப் பாத்து உனக்கு என்ன ஆச்சு?"

கார்த்திகை பிறந்ததும் அதிசயம் நடந்தது. அவர் முன்னால் வைத்த பூ மாறவில்லை. அடுத்ததும் மாறவில்லை. மூன்றாவதும் பப்பாளி. நான்காவது பூவைத் தட்டில் வைத்துவிட்டு, இமைக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவர் எடுத்த டம்ளர் டவராவில் கடகடவென்று தட்டி, காப்பி மேசையில் சிந்தியது.

"சூடு," என்றார்.

"சூடாத்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். கண் பூவின் மேலேயே இருந்தது. மாறவில்லை! பூட்டு தானாகவே நேராகிவிட்டது. அல்லது முதலிலிருந்தே அது ஒரு கோளாறு. அன்றைக்கு அவள் அவருக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டாள்.

இதற்கிடையில் மேகலா ஒருநாள் வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழமை எங்க பொண்ணு அபியைப் பாக்க வர்றாங்க. காங்கேயத்துக்காரங்க. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல கொணம். ஆனா அவிங்க சித்தப்பாவுக்குக் கை நடுங்குதுன்னு காதுல விழுந்துச்சு. உங்க பூ ஒண்ணு குடுத்தீங்கன்னா டேபிள் மேல சும்மா அழகுக்கு வெச்ச மாதிரி வெச்சுப்போடுவேன். பையன் காப்பி குடிக்கற நேரம் போதுமில்ல?"

"அது செடி, மேகலா. ஜாதகம் இல்ல."

"ஜாதகம் பொய் சொல்லுங்க்கா. இது சொல்லாது. எங்க மாமா கையில மாறினதை என்ற ரெண்டு கண்ணால பாத்தேனே!"

தெருவில் நாலு பேருக்கு அதற்குள் சொல்லியும் வைத்திருந்தாள். ஒருத்தி புது வாடகைக்காரரை நிறுத்திப் பார்க்க ஒரு பூ கேட்டாள். பூ எப்போது பூக்கும் என்று சொல்ல முடியாது என்று கோகிலவாணி எல்லோரையும் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பர்வீன் கூப்பிட்டாள். இரண்டாவது பூவைக் கோகிலவாணி அன்று காலையில்தான் கண்டக்டரிடம் கொடுத்திருந்தாள்.

"கோகி, உக்காந்திருக்கியா? பூ மாறிருச்சு. ஆனா கேளு. முதல் பூ வந்தப்போ அண்ணனுக்கு நோய் இருந்துச்சு, மாத்திரை ஆரம்பிக்கலை. இப்போ மாத்திரை போட்டுப் பதினஞ்சு நாளாச்சு. இன்னிக்குக் காலைல போட்டுட்டு ஊதினாரு, மாறிருச்சு. புதுசா வந்திருக்கிற மாத்திரை, கரைஞ்சு கொஞ்சம் மூச்சுல வெளிய வரும். உன்ற பூ நோயை மோந்து பாக்கலை. மருந்தை மோந்து பாக்குது."

கோகிலவாணி நோட்டை இழுத்துப் பிரித்தாள்.

"உங்க நாச்சிமுத்தய்யாவும் மாத்திரை சாப்பிடறவருதானே? ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு என்னடி சொல்லிக் குடுக்கறே? ஒரு குழாயில மருந்து விட்டா, பக்கத்துலயே விடாத குழாயும் ஒண்ணு வெக்கோணும்னு தானே? நீயும் வெக்கலை, நானும் பஸ்ஸு மேல பழியைப் போட்டுட்டேன்."

போனை வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஆவணியில் பூ மாறியதென்றால், ஆவணியிலேயே அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கார்த்திகையில் மாறவில்லையென்றால்? சிந்திய காப்பி இப்போதுதான் அவள் கண்ணில் சிந்தியது.

தரணிபதி மாடியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, "மாத்திரையை எப்பங்க நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

தண்ணீர் ஒரே தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"நிறுத்தலை," என்றார் கடைசியில். "காலைல ஆறரைக்குப் போடறதை, வேலைக்குப் போயி ஒம்பது மணிக்குப் போட்டுக்கறேன். ஒருநாள் மறந்துட்டேன், அன்னிக்கு நீ இல்லாதப்ப ஊதினேன், பூ மாறலை. அடுத்த பூவுக்குப் போட்டுட்டு ஊதினேன், மாறிருச்சு. மறுபடி வேணும்னே விட்டுப் பாத்தேன். உனக்கு மட்டுந்தான் பரிசோதனை தெரியுமா?"

"எத்தனை நாளா?"

"நோயா? பதினாலு மாசம்."

"பதினாலு மாசம் கோபுரத்துல..."

"ஏறலை புள்ள. டாக்டர் சொன்ன அன்னிக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். கீழ ஸ்டோர்ல உதிரி பாகம் எடுத்துக் குடுக்கறேன். பையை மட்டும் தினமும் தூக்கிட்டுப் போறேன்."

"அப்ப அந்தப் பருந்து?"

"அது நாலு வருஷம் முன்னாடி பறந்தது." அவர் சிரிக்கப் பார்த்தார். "வாயிலயாச்சும் ஏறி எறங்கிக்கலாம்னுதான்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"இந்த அறுபது தொட்டியைப் பாக்கிற கண்ணால என்னையப் பாப்பே. எங்க மஞ்சளாகுது, எங்க வாடுதுன்னு. உன்ற நோட்டுல எனக்கும் ஒரு பக்கம் போட்ருவே."

போட்டாகிவிட்டது. ஐப்பசி மூன்றாம் தேதியிலிருந்து, சட்டைப் பொத்தானுக்கு ஒன்று, சோறு பிசைந்ததற்கு ஒன்று என்று தேதி வாரியாக. அவள் தலைகுனிந்து நின்றாள். தனக்குத் தெரியக் கூடாதென்று இந்த மனுஷன் தினமும் ரெண்டரை மணி நேரம் நடுங்கியிருக்கிறார். பூவைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டியது அவள்தான்.

"நாளைலிருந்து ஆறரைக்குப் போடுங்க," என்றாள். "என் முன்னாடியே போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குப் போட்டார். ஏழரைக்கு மேகலா வெள்ளித் தட்டோடு வந்துவிட்டாள்.

"பூத்திருக்காம்க்கா. அபி எங்க மாடில இருந்தே பாத்துட்டா."

"அது நோயைக் காட்டற பூ இல்ல, மேகலா. மாத்திரையைத்தான் காட்டுது. பொள்ளாச்சில ஒருத்தருக்கு வெச்சுப் பாத்தாச்சு."

மேகலாவின் முகம் சுருங்கியது. "குடுக்க மனசில்லைன்னா நேராச் சொல்லிப்போடுங்க்கா. பொள்ளாச்சில யாரோ ஊதினாங்கன்னு எதுக்குக் கதை? எங்க பொண்ணு வாழ்க்கைங்க."

மேலே சொல்ல வேண்டியது அவளுடைய ரகசியம் இல்லை.

தரணிபதி நாற்காலியை விட்டு எழுந்தார். மாடிக்குப் போய்ப் பூவை அவரே பறித்துக்கொண்டு வந்தார். மேகலாவின் தட்டில் வைத்து, குனிந்து, நிதானமாக ஊதினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கத்தரிப்பூ நிறம் ஊறியது.

"அண்ணா..." என்றாள் மேகலா.

"நடுக்குவாதம்தான் அம்மிணி. பதினாலு மாசமாச்சு. ஆனா பூவுக்கு அது தெரியாது, காலைல போட்ட மாத்திரைதான் தெரியும். கார்த்திகை பொறந்ததுல இருந்து மாத்திரையைத் தள்ளிப் போட்டேன். கை நடுங்குது, இந்தப் பூ என்னைய நல்ல ஆரோக்கியசாலின்னு சொல்லுச்சு. உங்க மாப்பிள்ளை நோயை மறைச்சு வெச்சுட்டு வைத்தியமே பாக்கலைன்னு வை, இது அவனுக்கு மாலை போடும். ஒழுங்காப் போயி மருந்து வாங்கிச் சாப்பிடறவனைத்தான் காட்டிக் குடுக்கும். ஊருக்குள்ள இது பரவுச்சுன்னா எவன் மாத்திரை போடுவான், சொல்லு?"

தட்டைப் பிடித்திருந்த மேகலா அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"எங்க மாமாவை நேத்தே தாராபுரத்துக்கு, நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிப்போட்டேனுங்ணா," என்றாள் மெதுவாக. "அவிங்க வர்றப்போ இவரு கூடத்துல இருந்தா பூ முதல்ல இவருக்கே மாறிருமேன்னு. 'நான் போகலை அம்மிணி, பேத்தியைப் பாக்க வர்றாங்க, நான் இருக்கோணும்'னாரு. வேட்டியெல்லாம் தேச்சு வெச்சிருந்தாரு."

"எத்தனை மணிக்கு வர்றாங்க?" என்றார் தரணிபதி.

"நாலு மணிக்குங்ணா."

"தாராபுரம் போக முக்கால் மணி நேரம். கோகிலா, கார் சாவியை எடு." ஒரு கணம் நின்று, கையை மறைக்காமல் தொங்கவிட்டபடியே சொன்னார். "நீயே ஓட்டு."

மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நானும் வர்றேனுங்ணா."

"வா. முதல்ல உங்க வீட்டுக்குள்ள போயிட்டு வா. அந்தத் தேச்ச வேட்டியை எடுத்துக்கோ. அங்கயே கட்டிட்டு வரட்டும்."

"வீட்டுல இல்லீங்ணா," என்றாள் மேகலா. "அதைப் பையில வெச்சு எடுத்துட்டுத்தான் போனாரு."